சந்தனம் மறைத்த விளக்கு

கல்லல்,
கார்த்திகை 20.

அன்புள்ள முத்தழகுக்கு,

ஒரே வீட்டுக்கு உனக்கு ஆறு வருஷம் முந்தி மருமகளாக வந்த அக்காள் கண்ணாத்தாள் எழுதிக்கொண்டது. நானும் என் முட்டிவலியும் சுகம். கோயம்புத்தூரில் மகள் வீட்டில் நீயும் சுகமாக இருக்க ஆத்தாள் அருள வேண்டும்.

முதலில் பிள்ளைகள் சேதி. பேரன் முத்தரசுக்குக் கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. இனி நம் ஊர் மாட்டுக்கு நம் வீட்டுப் பிள்ளையே ஊசி போடுவான். அவன் தம்பி சிவபிரகாஷ் மாவட்டக் கபடியில் கோப்பை வாங்கினான், ஒரு பல்லை விட்டான். இரண்டையும் ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிகிறான். மகள் வழிப் பேத்தி அபி பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதல். நான் வளர்த்த பேத்தி சத்தியப்பிரியாவை விட்டுவிட்டேன் என்று நீ சந்தோஷப்பட வேண்டாம். இந்தக் கடிதமே அவளுக்காகத்தான்.

ஐப்பசிக் கடைசியில் நடந்த காதுகுத்தில், பந்தியில் நாற்பது பேர் கேட்க நீ சொன்னதை எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். “அஞ்சாப்புப் படிச்சவ வளத்த பிள்ளை கம்ப்யூட்டரைத் தொட்டா இப்படித்தான் வெளங்கும். எம்மகன் ஆளுற எடத்தையே நாசம் பண்ணிட்டா.” அவள் அப்போது பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். நான் அந்த வாளியை எடுத்து உன் இலையில் பாயசம் ஊற்றினேன். நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைத்திருப்பாய்.

நடந்ததை உன் மகன் ஒரு விதமாகச் சொல்லியிருப்பான். நான் நடந்த விதமாகச் சொல்கிறேன்.

காரைக்குடி ஸ்கேன் சென்டரில் பூமிநாதன் மேனேஜர், என் பேத்தி கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். நோயாளிகளின் படமெல்லாம் சர்வர் என்ற ஒரு பெட்டியில் இருக்கும். அதற்குள் நாலு டிஸ்க். ஆனால் கம்ப்யூட்டரில் பார்த்தால் நாலும் சேர்ந்து ஒன்றாகத்தான் தெரியும். அதற்கு விர்ச்சுவல் டிஸ்க் என்று பேர். உனக்குப் புரியும்படி சொன்னால், நாலு பேர் தூக்கும் சாமிப் பல்லக்கு. ஒருத்தன் தோளை எடுத்துவிட்டாலும் மூன்று பேர் சமாளிப்பார்கள். சாமி அசையாது, கும்பிடுகிறவனுக்கும் தெரியாது. இன்னொருத்தனும் எடுத்தால் சாமி தரையில். அதனால்தான் முதல் தோள் போனதுமே பெட்டி எச்சரிக்கும். பச்சை விளக்கு மஞ்சளாகும், கீச்சுக் கீச்சென்று கத்தும், மெயிலும் அனுப்பும். அந்த மெயில் மேனேஜருக்கு மட்டும்தான் வர வேண்டும் என்று சட்டம் போட்டவன் உன் மகன். வந்ததில் ஒன்றைக்கூட அவன் திறந்து பார்க்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் ஒரு டிஸ்க் போனது. “சித்தப்பா, உடனே புது டிஸ்க் மாத்திரணும்” என்று அன்றும் சொன்னாள், அதற்குப் பிறகு மூன்று தரமும் சொன்னாள். “ஓடுதுல்ல? ஓடுற மாட்டை எதுக்குத் தார்க்குச்சியால குத்துற” என்றானாம். பூஜை முடிந்து பதினெட்டாம் நாள் இரண்டாவதும் போய் எல்லாம் நின்றது. இவள் வாரந்தோறும் நகல் எடுத்து வைத்ததால் பழைய படங்கள் தப்பின. கடைசி ஐந்து நாள் படங்கள் போயே போயின. நம் கல்லல் ஆட்களே ஒன்பது பேர் மறுபடி பஸ் ஏறிப் போய் ஸ்கேனுக்குப் படுத்தார்கள். பூமிநாதன், சென்டரை நடத்துகிற டாக்டரம்மாவிடம், அன்று காலை வரை எல்லாம் பச்சையாகத்தான் எரிந்தது, இவள்தான் தப்பான டிஸ்க்கைப் பிடுங்கிக் கெடுத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே இவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு பேரோடு இன்னோர் இடத்தில் யார் வேலை கொடுப்பார்கள்?

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். பூஜை முடிந்த வாரம் நீயே தபாலில் அனுப்பினாயே, நினைவிருக்கிறதா? பட்டு வேட்டியில் பூமிநாதன், பக்கத்தில் மாலை போட்ட மேனேஜர் நாற்காலி, அவன் சர்வர் பெட்டிக்குச் சந்தனம் வைக்கிற மாதிரி. பெரிதாகக் கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்னால் உன் கையால் ‘உன் பேத்திக்கு மேலதிகாரி’ என்று எழுதியிருந்தாய். அதையும் பொறுத்துக்கொண்டு மாட்டினேன். பள்ளிக் கடைசி இரண்டு வருஷமும் என் அடுப்பில் தின்று வளர்ந்தவன், என் சுவரில் அவனுக்கு இடம் உண்டு.

காதுகுத்து முடிந்த மறுநாள் அதை உடைக்கத்தான் இறக்கினேன். வெளிச்சத்தில் பார்த்தால் பெட்டியில் நாலு விளக்கு. மூன்று பச்சை, ஒன்று மஞ்சள். அவன் விரல் நுனிச் சந்தனம் அந்த மஞ்சளுக்கு ஒரு நெல் தூரத்தில் நிற்கிறது. பொட்டு வைக்கப் பெட்டி முழுக்க இடம் இருக்க, விளக்கின் மேலேயே வைக்கப் போகிறான். சத்தியப்பிரியாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “வேணாம் அப்பத்தா, சித்தப்பா பாவம்” என்றாள். “பாவத்தை நான் பாத்துக்கிறேன், நீ டிஸ்க்கைப் பாரு” என்றேன்.

படத்தை வயர் கூடையில் வைத்துக்கொண்டு காரைக்குடி போனேன். நோயாளிகளோடு வரிசையில் நின்றேன். டோக்கன் கொடுக்கிற பெண், “அப்பத்தா, என்ன ஸ்கேன் எடுக்கணும்?” என்றாள். “எனக்கு இல்லத்தா, உங்க மேனேஜருக்கு” என்றேன்.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார்கள். மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை வரச்சொன்னார்கள். மறுநாளும் போனேன், விடுவேனா? உன் மகன் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்று, “டிஸ்க்கே செத்துப்போச்சு, எதை வச்சுச் சொல்வீக?” என்று டாக்டரம்மாவையே கேட்டான். அந்த இன்ஜினியர் சிரித்துவிட்டார். டிஸ்க்குகளைக் கட்டி மேய்க்கிற கார்டு ஒன்று தனியாக இருக்கிறதாம், நடந்ததெல்லாம் நாள், நேரத்தோடு அதற்குள் பதிவாகி இருக்குமாம். வாசித்தார். முதல் டிஸ்க் போனது பூஜைக்கு முதல் நாள். பூஜையன்று காலை பத்து பன்னிரண்டுக்கு அலாரம் அணைக்கப்பட்டது, அணைத்தது பூமிநாதன் பேரில். ஏன் என்று அவனைக் கேட்டதற்கு, ஐயர் மந்திரம் சொல்லும்போது கத்தியதாம், மரியாதைக் குறைவாக இருந்ததாம். எந்த டிஸ்க்கையும் யாரும் கையால் பிடுங்கவில்லை என்றும் அதிலேயே இருந்தது. உன் மகனுக்குக் காது வரைக்கும் வேர்த்தது. நான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சத்தியப்பிரியா இப்போது அந்த இடத்துக்கே பொறுப்பாள். எச்சரிக்கை மெயில் அவளுக்கும் டாக்டரம்மாவுக்கும் சேர்த்துப் போகிறது. தினம் சாயங்காலம் போனில் எனக்குக் காட்டுகிறாள். வட்டமான ‘ஓ’ எழுத்தில் தொடங்கும் இங்கிலீஷ் சொல் இருந்தால் நாலு தோளும் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அஞ்சாப்புக்கு அது போதும்.

பூமிநாதனைத் துரத்தப் பார்த்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். துரத்தினால் நீ ஒரு மாதம் அழுதுவிட்டு மறந்துவிடுவாய். இப்போது டோக்கன் கொடுக்கும் இடத்தில் நிற்கிறான், காலையில் அவளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறான். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டான், அதனால் நான் சொல்கிறேன். உனக்குக் கண்ணில் புரை என்று கேள்விப்பட்டேன். சிரமப்படாதே, மருமகனையே சத்தமாக வாசிக்கச் சொல்.

போன ஞாயிறு அவன் வந்தான். “பெரியம்மா, மன்னிச்சிருங்க” என்று வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டேன், மன்னிப்புக் கொடுக்கவில்லை. அது அவன் கேட்டுக் கிடைக்கிறதில்லை. தையில் குலசாமிக்குப் படையல் வைக்கிறோம், அதே நாற்பது பேரும் வருவார்கள், பாயசம் சத்தியப்பிரியாதான் ஊற்றுவாள். நீயும் வா.

உன் பிள்ளைகள் எல்லோரும் நூறு வயசு இருக்கட்டும். அந்தப் படத்தை டாக்டரம்மா ஃபைலில் வைத்துக்கொண்டு திருப்பித் தரவில்லை. என் சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது, வருகிறவர்கள் எல்லாம் அது யாருடைய ஆணி என்று கேட்கிறார்கள். பொங்கலுக்கு அவன் அங்கு வரும்போது புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் போடு. நாற்காலி வேண்டாம், நின்றபடி இருந்தால் போதும். பின்னால் என்ன எழுத வேண்டும் என்று உனக்கே தெரியும்.

இப்படிக்கு,
உன் இலையில் பாயசம் ஊற்றிய அக்காள்,
கண்ணாத்தாள்.