பால்பல் கடி

அன்புள்ள அண்ணே,

கூப்பிட்டால் "என்ன புள்ள?" என்று கேட்க நீ இல்லை. ஆனாலும் இந்தச் சேதியை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

இரண்டு வாரத்துக்கு முன் உன் மருமகன் விரலை ஒரு நாய்க்குட்டி கடித்துவிட்டது. ரத்தம் லேசாகத்தான் கசிந்தது. "பால்பல்லுதானத்தா, என்ன செஞ்சிரும்? சுண்ணாம்பத் தடவு" என்றார் என் மாமியார். அண்ணே, அன்றைக்கு நாம் சொன்ன அதே பேச்சு!

உன் கோம்பை நாய் வீரனுக்கு ரெட்டியபட்டியே பயந்து கிடந்தது. மேல்வாய் கறுத்த நாய், கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும், கடப்பாரை போட்டு நெம்பினால்தான் திறக்கும் என்று ஊரெல்லாம் கதை. நீயும் மீசையை முறுக்கிக்கொண்டு அந்தக் கதையை வளர்த்துவிட்டாய். உன் களத்துப் பருத்தியை எவனும் நெருங்கவில்லை.

அப்பேர்ப்பட்ட உன்னை ஒரு தெருக்குட்டி கடித்தது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அண்ணி கெஞ்சினார்கள். "வீரன் கடிச்சாச் சொல்லு, போறேன். இதுக்குப் போயி வயித்தச் சுத்தி ஊசியா? ஊரு சிரிக்கும்" என்றாய். பருத்தி எடுப்பு முடிவதற்குள் உன்னால் ஒரு வாய்த் தண்ணீர் விழுங்க முடியவில்லை. நான் நீட்டிய செம்பைப் பார்த்ததுமே உன் தொண்டை இழுத்துக்கொண்டது. பல்லின் பலத்தையே பேசிய நாம் எச்சிலை நினைக்கவே இல்லையே. பாவி மனுஷா, ஒரு பஸ் ஏறியிருக்கக் கூடாதா?

உன்னைத் தூக்கிப் போன அன்று வீரன் உன் துண்டைக் கவ்விக்கொண்டு விடவில்லை. "பூட்டிருச்சுலே, கடப்பாரையக் கொண்டாங்க" என்று ஒரே கூச்சல். நான் கிட்டப் போய், உன்னைப் போலவே "விடுறா வீரா" என்றேன். உடனே வாயைத் திறந்துவிட்டது. அந்தத் தாடையில் பூட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கு விட மனசில்லை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் இருந்ததா?

இப்போது நம் ஊருக்குள்ளேயே பஸ்ஸு வருகிறது அண்ணே. மாமியார் சுண்ணாம்பு எடுத்து வருவதற்குள் பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இழுத்துக்கொண்டு ஏறிவிட்டேன். தினமும் வயிற்றைச் சுற்றி ஊசி. ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்துவான். இன்று கடைசி ஊசி போட்டு வந்ததும், செம்பைத் தூக்கி மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். "எனக்குத்தானம்மா ஊசி, நீ ஏன் அழுகுற?" என்றான்.

இனி எந்தப் பிள்ளையை எந்தக் குட்டி கடித்தாலும், ஊரே சிரித்தாலும், நான் பஸ் ஏற்றிவிடுவேன் அண்ணே. இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உனக்குச் செம்பு நீட்டிய தங்கச்சி