அன்னம்மாள் திருவிழா வாரத்தில் எண்ணிய தலைகள்

அக்கா,

நேற்று பிறை ஊரில் காடிக்குப் பெட்ரோல் எண்ணெய் போட நிறுத்தினேன். கார்க் கதவைத் திறந்ததும் வெண்ணெயும் காப்பியும் சேர்ந்து முறுகுகிற அந்த வாசனை. நம் கம்பெனி ரொட்டிதான். எண்ணெய் நிலையத்தின் ஓரத்தில், டயருக்குக் காற்றடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெட்டிக்கடை அளவில் நம் கிளை ஒன்று. அதற்கு ஒப்புதல் கொடுத்தவளே நான்தான். இருந்தாலும் காகிதத்தில் பார்ப்பது வேறு, மூக்கில் ஏறுவது வேறு. நின்ற இடத்திலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த ரொட்டிக்குத்தானே ஒரு காலத்தில் பினாங்கு போதாது என்றார்கள்! இப்போது லாரிக்காரர்கள் ஆளுக்கொன்றை வாயில் கவ்விக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நாம் இருவரும் கோலாலம்பூரில் ஒரே வாடகை அறையில் இருந்த காலத்தை நினைத்துக்கொண்டேன். தலைமை அலுவலகத்தில் கிளைகளை மேற்பார்க்கும் வேலை உங்களுக்கு. புதுக்கிளை திறக்க எந்த ஊர் தாங்கும் என்று ஆள் எண்ணிச் சொல்லும் பிரிவில் நான். அலுவலகத்தில் பினாங்குக்காரர்கள் நாம் இரண்டே பேர். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கே இருந்தாலும் ஒன்றுதான். உங்களுக்கு அப்படியா? உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்குப் பினாங்கில், பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அதை விட்டுவிட்டு வர முடியாது. ஐந்து வயது மகள் அண்ணனின் தங்கை வீட்டில்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை நீங்கள் பஸ் ஏறுவீர்கள். மடியில் ரொட்டிப் பெட்டிகள். கீழே வைத்தால் நசுங்கிவிடும், மேலே வைத்தால் சரிந்துவிடும் என்று ஊர் போய்ச் சேரும்வரை பிள்ளையைப் போல மடியிலேயே வைத்திருப்பீர்கள். பினாங்கில் கிடைக்காத பண்டம் ஆயிற்றே, உங்கள் அடுக்குமாடியில் முழுத் தளமே காத்திருக்கும். ஒருநாள் போனில் உங்கள் மகள், “ரொட்டி எப்பம்மா வரும்?” என்று கேட்டாளாம். அம்மா எப்போது வருவாள் என்று கேட்கவில்லை. அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். பிறகு போய், காலையில் துவைத்துக் காயப்போட்ட துணியையே மறுபடி எடுத்துத் துவைத்தீர்கள்.

நம் மேலாளர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு பட்டியல் இருந்தது. இத்தனை பேருக்கு மேல் உள்ள ஊருக்குக் கடை உண்டு, குறைந்தால் இல்லை. பினாங்குத் தீவு கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. போதாததற்கு, அந்த ஊர்க்காரர்கள் தெருவில் சாப்பிட்டுப் பழகியவர்கள், குளிர்சாதனக் கடைக்குள் வரமாட்டார்கள் என்பது அவர் கட்சி. வடக்கே கிளை திறந்தால் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்களுக்குத்தான் என்று வாக்கும் கொடுத்திருந்தார். கடை வந்தால் நீங்கள் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் பஸ்தான்.

நீங்கள் விடவில்லை. தீவை மட்டும் ஏன் எண்ணுகிறீர்கள், அக்கரைக்குப் பாலம் எதற்கு இருக்கிறது என்று சண்டைக்கு நின்றீர்கள். பிறையில் குடியிருக்கிறவன் பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறான், தீவில் இருக்கிறவன் அக்கரைக்குச் சாமான் வாங்கப் போகிறான். இரண்டும் சேர்ந்துதான் ஒரு ஊர் என்றீர்கள். கடைசியில் மேலாளர் இறங்கிவந்தார். அக்கரையில் உள்ள பேரங்காடியில் ஆள் எண்ணிவரச் சொல்லி என்னை அனுப்பினார். அந்த நேரம் நீங்கள் ஜொகூர் கிளைகளைப் பார்க்கப் போயிருந்தீர்கள்.

நான்கு நாள் வாசலில் நின்று, கையில் அந்தச் சின்ன இயந்திரத்தை டிக் டிக் என்று அமுக்கினேன். அப்பப்பா, என்ன கூட்டம்! குடும்பம் குடும்பமாக உள்ளே போனார்கள். நிறையப் பேர் கையில் தண்ணீர்ப் புட்டி இருந்தது. வெயில் அதிகம் போல என்று நினைத்துக்கொண்டேன். தீவில் பிறந்த இந்த மண்டுவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அக்கரை இவ்வளவு வளர்ந்துவிட்டதே என்று பூரித்துப்போனேன். எண்ணிக்கை கோட்டைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. உங்களுக்கு முதலில் காட்டிவிட்டு மேலாளரிடம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

ஜொகூரிலிருந்து திரும்பிவந்ததும் என்னிடம் தாளை வாங்கினீர்கள். எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. தேதியைத்தான் பார்த்தீர்கள்.

“இது அன்னம்மாள் திருவிழா வாரம்மா. அங்க பக்கத்துல புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு வந்த எங்க கத்தோலிக்க ஆளுங்க இவங்க. ஜொகூர்லேருந்து, சிங்கப்பூர்லேருந்தெல்லாம் பஸ் பிடிச்சு வருவாங்க. புட்டியில இருந்தது கோயில் ஊத்துத் தண்ணி. இனி அடுத்த வருஷந்தான் வருவாங்க.”

எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் விடவில்லை. மேலாளருக்கு அந்தக் கோயிலும் தெரியாது, திருவிழாவும் தெரியாது. நானும் வேண்டுமென்று செய்யவில்லை. பேசாமல் கொடுத்துவிடலாம் அக்கா, உங்கள் பிள்ளையை நினைத்துப் பாருங்கள் என்று மன்றாடினேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன்.

“கடையில வேலைக்குச் சேர்ற பிள்ளைங்களுக்குத் தெரியும் லா. ஆறு மாசத்துல மூடுவாங்க. தைப்பிங் கிளைய மூடுறப்போ அவங்ககிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். ஒருத்தி அன்னிக்குத்தான் கால்ல புதுச் சப்பாத்து வாங்கிப் போட்டுட்டு வந்திருந்தா. இன்னொரு தடவை என்னால முடியாது.”

மறுபடி எண்ணப் போனேன், திருவிழா இல்லாத சாதாரண வாரத்தில். கோடு எட்டவில்லை. மேலாளர் கோப்பை மூடி வைத்தார். ஒரு வாரம் நான் உங்களோடு பேசவில்லை. பசியாறியாச்சா என்று தினமும் கேட்டீர்கள். ஒரே அறையில் இருந்துகொண்டு நான் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு ஆத்திரம். நல்லவளாக இருந்து என்ன கண்டீர்கள் என்று மனத்துக்குள் திட்டினேன்.

அடுத்த மாதம் நீங்கள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிடிவாதத்தில் செய்கிறீர்கள் என்று எண்ணி, இன்னும் இரண்டு வருடம் பொறுங்கள், ஊர் வளரும், கடை வரும் என்றேன். பெட்டியை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: “ஊரு வளரட்டும்னு நான் இங்க உட்கார்ந்திருந்தா, அவ அங்க வளர்ந்து முடிஞ்சிருவா.”

பினாங்கில் சூலியா தெருவில் பயணச்சீட்டு எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் சேர்ந்தீர்கள். சம்பளம் பாதி. மதியம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர விடவேண்டும் என்று முதலாளியிடம் முதல் நாளே பேசிவிட்டீர்களாம். சில வருடம் கழித்து எண்ணிக்கை உண்மையாகவே கோட்டைத் தாண்டியது. மேலாளர் உங்களைத்தான் முதலில் கூப்பிடச் சொன்னார். போனில் நன்றாகச் சிரித்துவிட்டு, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்றீர்கள். திறப்பு விழாவுக்கு மகளோடு வந்து வரிசையில் நின்றீர்கள். ரொட்டி முன்னைவிடச் சிறுத்துவிட்டது என்று எல்லார் காதிலும் விழும்படி குறை வேறு சொன்னீர்கள். எனக்கு மானம் போயிற்று, சந்தோஷமாகவும் இருந்தது.

நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வடக்கு மண்டல அலுவலகம் ஜார்ஜ் டவுனில்; அந்த மேலாளரின் நாற்காலியில் நான். பினாங்கு பெரிய ஊர் ஆகிவிட்டது, சின்ன ஊர்களுக்குக் கடை இல்லை என்று சொல்லும் இடத்தில் நாமே இருக்கிறோம். எண்ணிக்கைத் தாள் வந்தால் நானும் முதலில் தேதியைத்தான் பார்க்கிறேன். அந்த வாரம் அங்கே என்ன விசேஷம் என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. அலுவலகத்துப் பையன்கள் இதைக் கம்பெனி விதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னிடம் ஒரு பெண் இருந்தாள். கங்கார் ஊர்க்காரி, கெட்டிக்காரி, என் வலது கை. கங்காருக்குக் கிளை வேண்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். அவ்வளவு சின்ன ஊர் தாங்காது என்று மூன்று முறையும் மறுத்தேன். மூன்றாவது முறை தாளை எடுத்துக்கொண்டு எழுந்தவளின் முகத்தை அன்றுதான் சரியாகப் பார்த்தேன். உட்காரச் சொன்னேன். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். கணவனும் இரண்டு வயதுப் பையனும் என்றாள். அந்தக் கடை இப்போதைக்கு வராது, எனக்குத் தெரியும், அதை நம்பி இங்கே உட்கார்ந்திருக்காதே என்று சொல்லிவிட்டேன். அந்த மாதக் கடைசியில் போய்விட்டாள்.

அவளைப் போல் ஓர் ஆள் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை, அக்கா. அவள் வேலையையும் சேர்த்து நானே பார்க்கிறேன், கண் பூத்துப்போகிறது. எல்லாம் உங்களால்தான். தினமும் உங்களைத் திட்டிக்கொண்டேதான் பார்க்கிறேன்.