பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய வெள்ளிக்கிழமை

ஏப்ரல் 8, புதன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாதனூரிலிருந்து ஆம்பூர் போய்ச் சார்ஜர் வாங்க அரை நாள் லீவு. வீ.கா. (வீட்டுக்காரர் என்று முழுசாக எழுதப் பொறுமை இல்லை) ரிட்டையர் ஆன கையோடு வாங்கின பழைய வேன். கட்டில், ஃபேன், லைட்டு, பேட்டரி எல்லாம் ஆயிற்று. சார்ஜர் மட்டும் பாக்கி.

வேன் எனக்காகத்தான். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற வியாதி. மூக்கில் முகமூடி மாட்டி மெஷின் ஓடினால்தான் தூங்க முடியும். அதை யாரும் பார்ப்பது வெட்கம். மூன்று வருடமாக எந்த வீட்டிலும் ராத்தங்கல் கிடையாது. திண்டுக்கல் அக்காவுக்கும் காரணம் சொல்லவில்லை. "பெரிய மனுஷி ஆயிட்டா, எங்க வீட்ல தங்க மாட்டா" என்று சொந்தம் பூராவும் சொல்லி வைத்திருக்கிறாள். 18ஆம் தேதி அவள் பேத்திக்குக் காதுகுத்து. இதற்கும் போகாவிட்டால் அத்தோடு சரி. வேனில் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம்.

கடையில் வீ.கா. கண் போனது கனமான பழைய மாதிரிச் சார்ஜரில். தோல் பதனிடும் ஷெட்டில் முப்பது வருடம் சுமை தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் பேட்டரி பார்த்தவர்.

கடை பாய்: "அது நெறஞ்சாலும் நிக்காது மேஸ்திரி. உங்களுது சீல் போட்ட பேட்டரி. தண்ணி கேக்காது, ஜாஸ்தி ஏத்துனா தாங்காது. இத எடுங்க, தானா கம்மி பண்ணிக்கும். பின்னாடி சுவிட்ச்ச மட்டும் சீல்ல வைங்க."

வாங்கியாச்சு. தக்காளி மறந்தாச்சு.

9, வியாழன்

சார்ஜர் மாட்டினார். சுவிட்சை வைத்தது தண்ணீர் ஊற்றுகிற ஆசிட் பேட்டரிப் பக்கம்.

"பாய் சீல்னு சொன்னாரேங்க."

"கொதிச்சாதான் ஏறிச்சின்னு அர்த்தம். உனக்கு இன்னா தெரியும்?"

கூட வந்த புத்தகத்தைக் காட்டினேன். சீல் பேட்டரிக்கு 14.4 வோல்ட். இவர் வைத்ததில் 14.8. கண்ணாடி தேடப் போனவர் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். நானே மாற்றியிருப்பேன். அதற்குள் கம்பெனி பஸ் ஹாரன்.

10, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை.

வெள்ளி மதியம் தொழுகைக்காக ஷெட்டில் மெஷின் எல்லாம் நிற்கும். அந்த நேரத்தில் பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது இவர் வேலை. ரிட்டையர் ஆகியும் கை சும்மா இருப்பதில்லை. வெள்ளியானால் எங்கள் இன்வெர்ட்டர், எதிர்வீட்டு இன்வெர்ட்டர். இன்று வேன்.

சீல் போட்டதை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, ரப்பர் மூடிகளைப் பிடுங்கி, ஆறு ஓட்டையிலும் தண்ணீர். மறுபடி சார்ஜில். சாயங்காலம் வந்து பார்த்தால் பேட்டரி பக்கவாட்டில் உப்பிக் கிடக்கிறது. வேன் முழுக்கப் புளித்த நாற்றம்.

"உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. காஞ்சி கெடந்திச்சி" என்கிறார், ஏதோ நாய்க்குட்டியைப் பட்டினி போட்ட மாதிரி.

அழுதேன். சாப்பிடவில்லை. அவரும்தான்.

13, திங்கள்

பாய் பேட்டரியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, பேஜார் பண்ணிட்டீங்களே."

நெம்பின தடம் ஊருக்கே தெரிகிறது, வாரண்டியாவது ஒன்றாவது. புது பேட்டரி. சார்ஜர் தப்பித்தது. சுவிட்சை நானே சீலில் வைத்து மேலே டேப் நாலு சுற்று. ஸ்க்ரூடிரைவர் இப்போது அரிசி டப்பாவுக்குள்.

14, செவ்வாய்

வருஷப்பிறப்பு, லீவு. பாயசத்தில் இனிப்புக் கம்மி.

சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டுக் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை வேனில் மூச்சு மெஷினை ஓடவிட்டோம். வீ.கா. மணிக்கொரு தரம் வோல்ட் பார்த்துக் காலண்டர் தாளில் குறித்தார். 12.8, 12.7, 12.7... கடைசியில் 12.4. ராத்திரி முழுக்கத் தாங்கும்.

"வெள்ளிக்கிழம வண்டி ஓட்றேன். ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருக்கும், போதுமா?"

கோபமாக இருக்கும்போது சிரிக்க வைப்பது இவருக்கு வழக்கம். சிரித்துத் தொலைத்தேன்.

18, சனி. திண்டுக்கல்

நேற்று பொழுது சாய வந்து சேர்ந்தோம். அக்கா வாசலில் வேன். "வீட்டுக்குள்ள படுக்கக்கூட மனசு வரல இல்ல" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். மெஷின் நிற்காமல் ஓடியது. நல்ல தூக்கம்.

உள்தாழ்ப்பாள் போட மறந்திருக்கிறேன். காலையில் காபியோடு கதவைத் திறந்துவிட்டாள். முகமூடி மூக்கில். கழற்ற நேரமில்லை.

"என்னாடி இது?"

சொன்னேன். எல்லாம்.

டம்ளரைத் தரையில் வைத்தாள். "இதுக்காகவாடி வரல? மூணு வருஷமா உன்னப் பத்தி எத்தன பேர்கிட்ட தப்பா பேசியிருக்கேன்." ஏறி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அப்படியே என் தோளில் சாய்ந்து அழுதாள். காபி ஆறிவிட்டது.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்த மெஷின வீட்டுக்குள்ள தூக்கிட்டு வா. என் கட்டில் பக்கத்துலயே பிளக்கு இருக்கு."

வீ.கா. வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், இத்தனை பாடும் எதற்கு என்பது போல் சார்ஜரை ஒரு பார்வை பார்த்தார். மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறார்.