நாலு விரல் சுருங்கிய விரிப்பு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். உன் முதுகு வலி குறைந்ததா? அத்தையை வெந்நீர்க் குடம் தூக்கவிடாதே.

தொட்டில் மெத்தைக்கு நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த விரிப்பு வாங்கினேன். நீ எழுதிய அளவுக்குக் கச்சிதம். புதுத்துணி உறுத்துமே என்று, எங்கள் ஓட்டல் சலவைக்கூடத்திலேயே ஒரு தடவை அலசப் போட்டேன். பழக்கதோஷத்தில் ஓட்டல் விரிப்புக்கு வைக்கிற சூட்டையே வைத்துவிட்டேன். நாலு விரல் சுருங்கிவிட்டது. இழுத்து மாட்டினாலும் கழன்று பாப்பா முகத்தில் விழும்.

"தினம் ஐந்நூறு விரிப்பு துவைக்கிற ஆளு, சொந்தப் பிள்ளைக்கு ஒண்ணு துவைக்கத் தெரியலையா?" என்றார் சூப்பர்வைசர். எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

மறுபடி கடைக்குப் போனேன். இஸ்திரி உருளையில் லேசாகச் சுட்டதில் விரல் நுனிகள் மரத்திருக்கின்றன. பயப்படாதே, ஆறிவிட்டது. விரலுக்குத் தெரியாததால், வேறொரு விரிப்பை மெத்தென்று இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன்.

"ஷேவ் பண்ணிட்டு வந்து தேய்ங்க, நூல் இழுத்துக்கும்" என்றார் கடைக்காரம்மா.

உன் அளவுச் சீட்டும் சட்டைப் பையோடு சலவையில் நனைந்து கூழாகிவிட்டதால், வாங்காமலே திரும்பினேன். இந்தத் தடவை மெத்தையின் நீளம், அகலம், கனம் மூன்றுக்கும் நூல் வெட்டி அனுப்பு. கையோடு, பாப்பா தூங்கும்போது உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரு நூல் பிடி. போட்டோவில் அவள் எவ்வளவு நீளம் என்று தெரியவில்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. அவள் நூலில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டுவிடு. அது கடைக்குக் கொண்டுபோக அல்ல.

பாப்பாவின் அப்பா