சிவப்பு ஸ்டிக்கர் கண்டுபிடித்த மாரடைப்பு

அனுப்புநர்:
மருத்துவப் புள்ளியியல் ஆய்வாளர்,
ஆய்வகக் கட்டடம், ஜெனரேட்டருக்கு அடுத்த அறை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மாரடைப்பைக் கண்டறியும் பரிசோதனைப் பட்டையை அவசரப் பிரிவிலிருந்து விலக்கக் கோருதல் – நான்காவது மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் முந்தைய மூன்று மனுக்களுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில் வந்தது. தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். அந்தச் சிரமத்துக்கு நன்றி.

2. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வைத்ததும் பட்டையில் கோடு விழுந்தால் மாரடைப்பு, விழாவிட்டால் இல்லை. நூறு நோயாளிகளில் தொண்ணூற்றேழு பேரை இது பிடித்துவிட்டதாகத் தாங்கள் மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்கினீர்கள். அந்த எண்ணைக் கணக்கிட்டுக் கொடுத்தவள் நான். ஆய்வகத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல், வந்த தாள்களைக் கூட்டிக் கழித்துக் கொடுத்தேன். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது.

3. பிறகு எட்டிப் பார்த்தேன். நோயாளிகளின் பட்டைகளில் சிவப்பு ஸ்டிக்கர், ஒப்பிட எடுத்த நூறு நலமானவர்களுடையவற்றில் பச்சை. கோடு மங்கலாக விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று டெக்னீஷியனைக் கேட்டேன். "ஸ்டிக்கரைப் பாத்துக்குவேன் மேடம். செவப்புன்னா கோடு இருக்கு, பச்சைன்னா இல்ல" என்றார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. அவர்மேல் நடவடிக்கை வேண்டாம். ஆனால் இந்த ஆய்வைப் பட்டையே இல்லாமல் நடத்தியிருக்கலாம். இருநூறு பேரின் விரலாவது தப்பித்திருக்கும்.

4. அதே பட்டைகளின் படங்களை, ஸ்டிக்கர் தெரியாமல், அவரிடமே மறுபடி கொடுத்தேன். தொண்ணூற்றேழு அறுபத்திரண்டாக இறங்கியது. தங்கள் நிபுணர் குழு இதைச் "சிறு வேறுபாடு" என்கிறது. குழுவில் யாருக்கும் நெஞ்சு வலி இல்லை போலும். அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருவதில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

5. சென்ற மாதம் என் அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்தாள். அப்போது என் மூன்றாவது மனு தங்கள் மேசையில் இருந்தது. அவளுடைய பட்டையில் கோடு மங்கல். "ஒண்ணுமில்லம்மா, வாயுதான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டே நாளில் தூக்கிக்கொண்டு வந்தோம். இதயத்தில் பாதி வேலை செய்யவில்லை என்கிறார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை போக அவளுக்குக் கணவரின் தோள் வேண்டியிருக்கிறது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது, ஐயா.

6. ஆகவே பட்டையை இன்றே நிறுத்தி, கோட்டைப் படிப்பவருக்கு ஸ்டிக்கர் தெரியாதபடி ஆய்வைப் புதிதாக நடத்த உத்தரவிடக் கோருகிறேன்.

இத்துடன் பத்துப் பட்டைகளின் படங்களை இணைத்துள்ளேன். ஐந்து மாரடைப்பு வந்தவர்களுடையவை, ஐந்து நலமானவர்களுடையவை. தாங்களே பிரித்துப் பாருங்கள். பத்தும் சரியாக இருந்தால் இந்த மனுவையும் என் வேலையையும் விட்டுவிடுகிறேன்.

அவற்றில் ஒன்று அக்காவின் கோப்பிலிருந்து எடுத்தது. எது என்று நான் குறிக்கவில்லை. அன்று அவளும் எதையும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

இடம்: மூன்றாம் வார்டு, பார்வையாளர் பெஞ்சு
நாள்: பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை

இன்னமும் தங்கள் ஊழியராக உள்ள,
(ஒப்பம்)
மருத்துவப் புள்ளியியல் ஆய்வாளர்