குளிர் விட்டதும்

லோதி ரோடு, புது டில்லி
27 பிப்ரவரி 1978

குழந்தைகளின் அப்பாவுக்கு நமஸ்காரம்.

பெண்ணும் பேரனும் சௌக்கியம். பிரசவத்துக்கென்று வந்தேன்; இப்போது குழந்தைக்கு அவளே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிடுகிறாள்.

காலையில் லோதி தோட்டத்துக்குத் தனியாகவே நடந்து போனேன். புல்லில் பனி இல்லை. கல்லறைப் பக்கத்து இலவமரம் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. கல்யாணமாகி டில்லிக்கு வந்த வருஷம், “இதென்ன மரம், இலை வரதுக்கு முன்னாடியே பூத்துடுத்தே!” என்று அதன் கீழே நின்று நான் சிரித்தது நினைவிருக்கிறதா? நீங்கள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, விழுந்த பூ ஒன்றை எடுத்துக் கொடுத்தீர்கள். தலையில் வைக்க முடியாத பெரிய பூ. குவார்ட்டர்ஸ் வரை கையிலேயே ஏந்திக்கொண்டு வந்தேன். அப்போது இந்த ஊரில் நம்மை யாருக்கும் தெரியாது. எவ்வளவு நன்றாக இருந்தது!

நீங்கள் ரிடையராகி நாம் மெட்ராஸுக்குப் போன பிறகு பூ வாசலுக்கே வந்துவிடுகிறது. குறை ஒன்றுமில்லை. உங்கள் அக்கா சமையலறைக்குள் யாரையும் விடமாட்டார், அதனால் உங்கள் சாப்பாட்டைப் பற்றியும் எனக்குக் கவலையில்லை. நான் வாசல்படி இறங்கினாலே எங்கே என்று கேட்பவர், இத்தனை நாளாக நான் எங்கே என்று கேட்கவில்லையா?

இன்று மத்தியானம் பெண், “ஏம்மா, இப்படி வேர்க்கறதே, இன்னும் எதுக்கு ஸ்வெட்டர்?” என்றாள்.

“எனக்கு இன்னும் குளிர்றதுடீ” என்றேன்.

குளிர் விட்டதும் புறப்பட்டு வருகிறேன் என்று உங்களுக்கு எழுதிவிட்டேனே.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி