அம்மாவின் மணிக்கட்டில் என் கட்டைவிரல்

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் என்று நினைத்துவிடாதே, இரண்டு பேர் நெஞ்சிலும் ஒரு நாள் முழுக்கக் கம்பி ஒட்டிப் பார்த்து டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நலம். நீ அங்கே கையெழுத்துக்கு அவசியமில்லாமலே நலமாயிரு.

கடையில் மதிய இடைவேளை. வெட்டு மேசையில் துணியைத் தள்ளிவிட்டு எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் அம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள், தன்னைப் புகழும் வரியை எல்லாம் அடிக்கச் சொல்வாள். போனில் சொல்லலாம் என்றால் பாதியில் பிடுங்கிக்கொள்வாள். போன மாதம் இரண்டு முறை கேட்டாய், அம்மா ஏன் காலை நேரத்தில் வீட்டில் இருக்கிறாள் என்று. பஸ் பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றேன். பொய். ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் ஓட்டின பதினேழாம் எண் வண்டி, நல்ல கூட்டம், பாலம் இறங்கும்போது அவளுக்கு நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போனது. கியர் விழாம வண்டி ஒரு நொடி சும்மா உருளும்ல, அப்புறம் டொக்குன்னு விழும்ல, அப்படி இருந்துச்சு என்று பிறகு என்னிடம் சொன்னாள். அப்போது யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஓரம் கட்டினாள். கைப்பிரேக் போட்டாள். எல்லோரையும் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டாள், யாரோ மறந்துவிட்ட குடையை ஓடிப்போய் ஜன்னல் வழியாக நீட்டினாள். அந்த வண்டி கிளம்பின பிறகுதான் காலி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து டிப்போவுக்குப் போன் செய்திருக்கிறாள். இருபத்தாறு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இவ்வளவு பெரிய ஆளோடு இருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது.

டாக்டர் ஈசிஜி எடுத்தார், இதயத்தை ஸ்கேன் செய்தார், ரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துடுதும்மா, அதனால அடுத்தது வரக் கொஞ்சம் இடைவெளி விழுது, அது வரும்போது பலமா வருது, அவ்வளவுதான், நிறையப் பேருக்கு இருக்கு என்றார். அம்மா தலையாட்டினாள். நம்பவில்லை. எனக்கு ஏதாவது ஆனா போகட்டும், பின்னாடி நாற்பது பேர் உட்கார்ந்திருக்காங்களே என்று விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதன் பிறகு வீடு மாறிப்போனது. மின்விசிறி ஓடினால் நெஞ்சு கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவாள். காய் நறுக்குகிறவள் கத்தியை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நிற்பாள். என்ன என்றால் ஒண்ணுமில்ல என்பாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு எதுவும் அவள் காதில் விழவில்லை.

உதவி செய்கிறேன் என்று நான் நுழைந்தேன். தினமும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை அவள் நாடியைப் பார்ப்பது என் வேலை என்று அறிவித்தேன். துணியில் நூல் ஒன்று விட்டிருந்தால் என் கட்டைவிரல் சொல்லிவிடும், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே. முப்பது வருடமாக அதை நம்பித்தான் கத்தரி எடுக்கிறேன். அதே விரலை அவள் மணிக்கட்டில் அழுத்தி வைத்தேன். விட்டது. எண்ணினேன். நிமிடத்துக்கு இரண்டு, சில நாள் மூன்று. இன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலையேங்க என்பாள். உனக்குத் தெரியாமலே விடுது என்பேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அவள் நிம்மதியாக எழுந்த காலைகளைக்கூட நான் விடவில்லை. நான்காவது வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதினாள். நாலே வரி. என்னிடம் காட்டினாள், பிழை இருக்கிறதா என்று. பிழை இல்லை என்றேன்.

டிப்போவில் மருத்துவச் சான்று கேட்டார்கள், அதற்காகத்தான் மறுபடி போனோம். இருபத்துநாலு மணி நேரம் பதிவு செய்கிற சின்ன இயந்திரத்தை மாட்டிப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். கம்பி ஒட்டிய நர்ஸம்மாவிடம் நான் பெருமையாக என் ஒரு மாத எண்ணிக்கையைச் சொன்னேன். எப்படிப் பார்த்தீங்க, காட்டுங்க என்றார். காட்டினேன். என் கையையே பார்த்தார். சார், கட்டைவிரலுக்குச் சொந்தமா ஒரு துடிப்பு இருக்கு, அதை வச்சுப் பார்க்கவே கூடாது, நீங்க இத்தனை நாளும் உங்களைத்தான் எண்ணியிருக்கீங்க என்றார். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்கச் சொன்னார். ஒரு முழு நிமிடம். அம்மாவின் நாடி நேர்தையல் மாதிரி ஓடியது, ஒரு இடத்திலும் விடவில்லை. பிறகு அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூணு என்றார்.

அம்மா சிரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. மாஸ்டர், அளவெடுத்த ஆளே மாறிப்போச்சே என்றாள், கேலி வரும்போது மட்டும்தான் நான் அவளுக்கு மாஸ்டர். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். நெஞ்சில் பாதி ஒட்டியிருந்த கம்பியோடு எழுந்து நின்று, எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல இவருக்கு மாட்டுங்க என்றாள். நர்ஸம்மா இரண்டு பேருக்கும் மாட்டினார். மறுநாள் முடிவு வந்தது. ஒரு நாளில் விட்டது அவளுக்கு நூற்றுச் சொச்சம். எனக்கு ஆயிரத்துக்கு மேல். எனக்கும் ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். எனக்கும் ஆபத்தில்லை என்றார் டாக்டர். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தா உடனே வரணும், மற்றபடி காபியைக் குறைங்க, நல்லா தூங்குங்க, அதையே கவனிச்சிட்டு உட்காராதீங்க. ஆஸ்பத்திரி வாசலில் அம்மா கேட்டாள், கம்பி மாட்டின அன்னைக்கு என்ன பண்ணீங்க. ஒரு கோட்டுத் துணி வெட்டி முடித்தேன் என்றேன். ஆயிரம் தடவை விட்டும் கோட்டு நேராத்தானே வந்துச்சு என்றாள். டாக்டர் சொல்லி நம்பாததை என் கோட்டைப் பார்த்து நம்பினாள். அன்று மாலையே ராஜினாமாக் கடிதம் கிழிந்தது.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தெரிந்த நிமிடத்திலிருந்து எனக்கு அது கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றும். கத்தரியைத் திறந்தபடி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் ஒரு மாதம் எங்கே இருந்தாள் என்று அப்போது புரிந்தது. அவள் என்னைக் கேலி செய்யவில்லை. அறிவுரையும் சொல்லவில்லை. மின்விசிறியைப் போட்டாள், ரேடியோவை வைத்தாள். இந்த வீட்டுல இனிமே யாரும் யார் நாடியையும் பார்க்கக் கூடாது, தன்னோடதையும்தான், பிடிக்கணும்னா கையைப் பிடிங்க என்றாள். பிடித்தேன். சும்மா.

போன திங்கள் வண்டியை எடுத்தாள். அவளுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். யாருக்கு யார் துணை என்று உனக்கே தெரியும். பாலத்துக்கு முந்தின நிறுத்தத்தில் கதவை மூடின பிறகு, வெளியே ஒருவரும் இல்லாதபோது, ம், நீயும் ஏறிக்கோ என்றாள். மெல்ல. கண்ணாடியில் அவள் வாய் அசைவது தெரிந்தது. மூச்சை நீளமாக விட்டாள், கியரைப் போட்டாள், ஏறினாள். பாலத்தின் உச்சியில் எனக்கு ஒன்று விட்டது. என்னையறியாமல் வலது கை இடது மணிக்கட்டைத் தேடியது. கண்ணாடியில் பார்த்துவிட்டாள். மாஸ்டர், கையை எடுங்க என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி ஒரு அதட்டல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் தன் பையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தாள். மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது. எந்தத் தையல்காரனுக்கும் வரக்கூடாத அவமானம். இறங்குகிற வரை எனக்கு அடுத்த துடிப்பு விட்டதா என்றே தெரியாது.

கடைசி நிறுத்தத்தில் கேட்டேன், யாரை ஏறச் சொன்னாய் என்று. அந்தத் துடிப்பு வந்துச்சு, அவசரப்பட்டு ஓடி வர்ற ஆளை விட்டுட்டுப் போனா பின்னாடியே கத்திக்கிட்டு வருவான், ஏத்திக்கிட்டா பேசாம உட்கார்ந்திருப்பான், இறங்குற இடத்துல இறங்கிடுவான் என்றாள். பயம் போயிடுச்சா என்றேன். இல்லைங்க, இன்னும் இருக்கு என்றாள். நேரமாகிறது என்று சொல்லி மறுபடி இருக்கையில் ஏறினாள்.

நீ அங்கே ராத்திரி கண் விழித்துக் காபி குடிக்காதே. உனக்கும் எப்போதாவது இப்படி வந்தால் ஒரு தரம் டாக்டரிடம் காட்டு, அவர் ஒன்றுமில்லை என்றால் நம்பு, எங்களைப்போல் ஒரு மாதத்தை வீணாக்காதே. இந்த ஞாயிறு போன் செய்யும்போது நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாமல், வேலை எப்படிம்மா போகுது என்று மட்டும் கேள். அவளே சொல்வாள். சொல்லட்டும், அவள் சொல்லிக் கேட்கிற சுகம் உனக்கும் வேண்டும். நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி, உன் அம்மாவின் நெஞ்சுரத்தில் பாதியாவது உனக்கு வாய்க்க வாழ்த்துகிறேன்.

பதினேழாம் எண் வண்டியில் இனி ஏற முகமில்லாத
உன் அப்பா